வயரா காதா

பேஸ் வரவில்லை. பாட்டு வருகிறது. பாடுகிறவன் நடுவில் மூச்சு வாங்குவது வருகிறது. முன்கதவு ஸ்பீக்கரில் சலங்கை மாதிரி என்னவோ சலசலக்கிறது, அதுவும் வருகிறது. வர வேண்டியது மட்டும் வரவில்லை. சென்னியப்பன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, நிற்கிற வண்டியின் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். பின்னால் டிக்கியில் இரண்டு ஆட்டுக்குட்டிகளை அடைத்துவிடலாம் போல ஒரு மரப்பெட்டி, அதில் சோற்றுத்தட்டு அகலத்துக்கு இரண்டு சப்வூஃபர், இரண்டையும் அடித்து எழுப்ப ஒரே ஒரு மோனோ ஆம்ப். இத்தனை சாமானும் எதற்கு? அந்தத் தொம் தொம்முக்கு. அது இல்லை. ஒன்று, வயரில் எங்கோ கோளாறு. இல்லையென்றால் அவன் காதில் கோளாறு. வயர் என்றால் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு தீர்ந்தது. காது என்றால் பிழைப்பே தீர்ந்தது. ஈரோட்டில், பெருந்துறை ரோட்டில், தலை கறுத்திருந்த காலத்திலிருந்து வண்டிகளுக்குப் பாட்டு மாட்டிச் சோறு தின்கிறவன். கோபியிலிருந்தும் பவானியிலிருந்தும் வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஆம்ப் என்ன கம்பெனி என்று கேட்பதில்லை, ‘சென்னியண்ணன் காது வெச்சுப் பார்த்தாப் போதுமுங்’ என்கிறார்கள். அந்தக் காதைத்தான் இப்போது அவன் சுண்டுவிரலை விட்டு ஆட்டிப் பார்த்தான். ஆட்டினால் சரியாவதற்கு அது என்ன பழைய ரேடியோவா? பாட்டு இரண்டாவது சரணத்துக்குப் போய்விட்டது. சீட்டில் உள்ளங்கையை வைத்தான். ஏதோ அதிர்கிற மாதிரி இருந்தது. அது சப்பா, ரோட்டில் போன லாரியா? லாரி போன பிறகும் கொஞ்சம் அதிர்ந்தது. அல்லது அதிர்கிறது என்று அவனே நினைத்துக்கொண்டான். சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்க்கலாம், ஆனால் கூட்டினால் எதிர்ப்பக்கத்துப் பேக்கரி வரைக்கும் கேட்கும், கேட்கிறவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும். என்ன தெரியும்? அதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

இறங்கிப் பின்னால் போனான். டிக்கியைத் திறந்து குனிந்தால் இரண்டும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. சொல்லப்போனால் ஒன்றுதான் பார்த்தது. இடப்பக்கத்துச் சப் ஒழுங்காக, அதிர்கிற கறுப்புத் தாளை வெளியே காட்டிக்கொண்டு இருந்தது. வலப்பக்கத்தது குப்புறக் கவிழ்ந்து, தாளைப் பெட்டிக்குள் விட்டு, இரும்புக் கூட்டையும் தடித்த காந்தத்தையும் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. அது மிதுனேஷின் ஆசை. வண்டிக்காரப் பையன், நசியனூர்ப் பக்கம் கோழித்தீவன ஏஜென்சி, எங்கேயோ ஒரு வண்டியில் பார்த்தானாம், ஒண்ணு முகம் காட்டோணும், ஒண்ணு காந்தம் காட்டோணும், அப்பத்தானுங்ணா கெத்து. கெத்துக்கு என்ன, காசு கொடுக்கிறவன் மாட்டை மரத்தில் கட்டச் சொன்னாலும் கட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். இத்தனை வருஷத்தில் இரண்டும் முகம் காட்டுகிற மாதிரி மாட்டியிருக்கிறான், இரண்டும் முதுகு காட்டுகிற மாதிரியும் மாட்டியிருக்கிறான், கலந்து மாட்டியது இதுதான் முதல். அதனால் என்ன, வயர் வயர்தான். விரலால் தொட்டுத் தொட்டு வந்தான். ஆம்பில் நாலு ஸ்க்ரூ, இரண்டு ப்ளஸ், இரண்டு மைனஸ். மோனோ என்றால் ஒன்று, ஒன்றுக்கு எதற்கு நாலு வாய் என்று புதிதாகத் தொழிலுக்கு வருகிறவன் கேட்பான், உள்ளே எல்லாம் ஒரே வாய்க்கால்தான், மடைதான் இரண்டு என்று சென்னியப்பன் சொல்லுவான். நிஜமாகவே ஒரே வாய்க்கால்தானா? இந்தக் கம்பெனியில் மாற்றி வைத்திருந்தால்? மீட்டரை வைத்துப் பார்த்தான், ஒரே வாய்க்கால்தான். சரி. ஆம்ப் இரண்டு ஓமுக்குக் கீழே தாங்காது, சப் ஒவ்வொன்றும் இரண்டு ஓம், பக்கத்தில் பக்கத்தில் கொடுத்தால் ஒன்றாகி ஆம்ப் புகைந்துவிடும். ஆகவே கோயில் சீரியல் பல்பு மாதிரி ஒன்றின் வாலில் மற்றதைக் கட்டியிருந்தான். ஆம்பின் ப்ளஸ், முதல் சப்பின் ப்ளஸ், அதன் மைனஸிலிருந்து இரண்டாவதன் ப்ளஸ், அதன் மைனஸிலிருந்து ஆம்பின் மைனஸ். சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில். சரியாக இருந்தது. மறுபடி பார்த்தான், சரியாகவே இருந்தது. ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு இருந்திருந்தால் அவன் அந்த ஆம்பைக் கும்பிட்டிருப்பான். எல்லாம் சரியாக இருந்ததுதான் அவனுக்குப் பயம்.

ஏனென்றால் ஸ்கூட்டர் விஷயம் ஒன்று இருக்கிறது. போன மாதமா, அதற்கு முன்னாலா, வீட்டு வாசலில் ஸ்கூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது, அவன் மறுபடி ஸ்டார்ட் பட்டனை அமுக்கினான், கிரீச்சென்று ஒரு கத்தல். வசந்தாமணி உள்ளேயிருந்து, ‘ஏனுங், ஓடிக்கிட்டு இருக்கற வண்டிய எதுக்கு மறுக்கா ஸ்டார்ட் பண்றீங்?’ என்றாள். அவள் சொன்னது துல்லியமாகக் கேட்டது. அதுதான் வேடிக்கை. பெண்டாட்டி பேச்சுக் கேட்கிறது, குக்கர் விசில் கேட்கிறது, மகள் போனில் தோழியோடு குசுகுசுப்பது கூடக் கேட்கிறது, அப்புறம் எப்படி காது போச்சு என்று சொல்வது? என்ஜின் சத்தம் மட்டும் போனால் அது காது போனதாகுமா, இல்லை என்ஜின்கள் எல்லாம் மெதுவாகிவிட்டனவா? மாமனார் குரலும் இப்போது மெதுவாகிவிட்டது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற கனத்த குரல் அவருடையது. தீபாவளிக்கு முன்னால் போனில் எதையோ நீளமாகச் சொன்னார், இவன் ‘ஆகட்டுங் மாமா, ஆகட்டுங் மாமா’ என்று சொல்லிக்கொண்டே இருந்தான், மூன்றாம் நாள் டெம்போவில் ஒரு ஆட்டுக்குட்டி வந்து இறங்கியது. இரண்டாவது மாடி வாடகை வீட்டுக்கு. ‘நீங்கதானே வளக்கறேன்னு சொன்னீங்களாமா, எங்கப்பா சொல்றாரு’ என்று வசந்தாமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஆடு பால்கனியில் நின்று கத்தியது, அது கத்தியதும் நன்றாகத்தான் கேட்டது. அன்றைக்குச் சிரித்துத் தொலைத்தாயிற்று. இப்போது டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு நினைத்தால் சிரிப்பு வரவில்லை. ஆடு, ஸ்கூட்டர், மாமனார், இன்றைக்கு இந்தச் சப். எல்லாம் ஒரே கயிற்றில் கட்டினது போல வரிசையாக வந்து நின்றன. இல்லை, மாமனாருக்கு வயசாகிவிட்டது, குரல் தேய்ந்திருக்கும். ஸ்கூட்டர் அன்றைக்கு வேறு நினைப்பில் அமுக்கியது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை.

‘ஆச்சுங்களா மாமா?’ பூபதி பின்னால் வந்து நின்றான். வசந்தாமணியின் தம்பி, கடையில் பாதிப் பங்கு, முன்பக்கம் சீட்கவரும் ஹாரனும் விற்பது அவன், பின்பக்க ஷெட்டில் வயர் வேலை இவன். திரும்பிய சென்னியப்பன் அவன் குரலைக் கேட்டானா, அவன் உதட்டைப் பார்த்தானா, இரண்டுக்கும் நடுவில்தான் அந்த இரண்டு வார்த்தையும் வந்து சேர்ந்தது. சட்டென்று முன்கதவுக்குப் போய், எட்டிப் பாட்டை நிறுத்தினான். அவன் பாட்டுக்கு நின்று கேட்டுவிட்டு, ‘பேஸ் செமயா இருக்குதுங் மாமா’ என்று சொல்லிவிட்டால்? அந்த ஒரு வார்த்தையில் கதை முடிந்துவிடும். ‘இன்னொரு பத்து நிமிசம் மாப்ள’ என்றான். ‘மொகம் ஒரு மாதிரி இருக்குதுங். டீ சொல்லட்டுங்களா?’ ‘வேண்டாம். நீ போய்க் கடையப் பாரு.’ பூபதி போகாமல் கொஞ்சம் நின்றான், ஏதோ சொல்ல வந்தவன் போல, அப்புறம் போய்விட்டான். கேட்டிருக்கலாம். மாப்ள, இதுல பேஸ் வருதான்னு சித்த கேட்டுச் சொல்லு. கேட்பதற்கு நாலு வார்த்தை, கேட்ட பிறகு எத்தனை வருஷத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்? சமையல்காரன் உப்பு இருக்கிறதா என்று பந்தியில் போய்க் கேட்பானா? ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாகிவிடும்.

இதில் இன்னொன்றும் உண்டு, அதை அவன் வெகு நேரமாக நினைக்காமல் ஒதுக்கிக்கொண்டிருந்தான். இத்தனை குழப்பத்துக்கும் ஒரே நிமிஷத்தில் விடை கிடைக்கிற வழி ஒன்று இருக்கிறது. வலப்பக்கத்தைக் கழற்றிவிட்டு, இடப்பக்கத்துச் சப்பை மட்டும் ஆம்பில் நேராகக் கொடுத்துப் பாட்டைப் போட வேண்டும். இரண்டு ஓம்தான், ஆம்ப் தாங்கும். ஒற்றைச் சப்பில் பேஸ் வந்து அது கேட்டுவிட்டால் காது நல்ல காது. கேட்காவிட்டால் தெரிந்துபோகும். ஸ்க்ரூடிரைவர் கையில்தான் இருந்தது. ஆனால் அவன் அதைச் செய்யாமல் ஃபியூஸைக் கழற்றித் துடைத்து மாட்டினான், துடைக்க வேண்டிய ஃபியூஸே இல்லை அது. எர்த் வயரை இழுத்துப் பார்த்தான். தரைவிரிப்பை நேராக்கினான். முன்பு ஒரு காது முகாமிலும் இதே கூத்துதான். கல்யாண மண்டபத்தில் இலவசமாகக் காது பார்க்கிறார்கள் என்று போனான், சும்மா, போகிற வழியில்தானே என்று தனக்கே சொல்லிக்கொண்டு போனான். காதில் கவசத்தை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்குங்கள் என்றது அந்தப் பெண். அமுக்கினான். கேட்டபோது அமுக்கினான், கேட்காதபோது அந்தப் பெண்ணின் தோள் அசைவதைப் பார்த்து அமுக்கினான். அது புத்திசாலிப் பெண், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டது. அப்புறம் குத்துமதிப்பாக அமுக்கினான், பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவன் முகத்தை வைத்துக்கொள்வது போல முகத்தை வைத்துக்கொண்டு. ‘தாழ்ந்த சத்தம், தொம்முன்னு வருதே அது, கொஞ்சம் கம்மியாக் கேக்குதுங் சார், பெரிய டாக்டரப் பாத்துருங்க’ என்றது. பார்க்கிறேன் என்றான். வீட்டில், ‘பாம்புக் காதுன்னு சொல்லிட்டாங்க’ என்றான். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, வாயைத் திறந்தபோது அது வந்தது. தாழ்ந்த சத்தம். உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரனுக்காவது தாழ்ந்த சத்தம் தேவைப்படுமா? ஜவுளிக்கடைக்காரனுக்கு என்ன, வாத்தியாருக்கு என்ன. அப்பன் தறிக்குடோனில் நின்று நின்று காது அடைத்துப்போய், வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடமும் கத்தித்தான் பேசுவார். அந்தத் தறிச் சத்தத்துக்குப் பயந்துதான் சென்னியப்பன் பாட்டுக்கு ஓடிவந்தான். பயந்து ஓடினவன் அதே குழியில் விழுந்தானோ, பாட்டும் ஒரு தறிதானோ, அல்லது அப்பன் காதே தன்னிடம் வந்துவிட்டதோ, யாரிடம் போய்க் கேட்பது. ஒற்றைச் சப்பைப் போட்டுப் பார்த்துவிடலாம். பார்க்கலாம், இன்னும் கொஞ்சம் பொறுத்து.

காதைக் கேட்காத பரீட்சை ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தபோதுதான் பேட்டரி ஞாபகம் வந்தது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதன் பென்சில் பேட்டரியை எடுத்தான். சப்பின் வயரில் பேட்டரியைத் தொட்டால் தாள் ஒரு துள்ளு துள்ளும், ப்ளஸ் சரியாக இருந்தால் முன்னால் துள்ளும், மாறியிருந்தால் பின்னால் போகும். கண் போதும், கை போதும். இதில் அவனை யாரும் பிடிக்க முடியாது. மிதுனேஷ் பேக்கரியிலிருந்து பஃப்ஸ் தூளைத் தட்டிக்கொண்டே வந்தான். ‘ஆயிருச்சுங்களாண்ணா?’ ‘இந்தா தம்பி, இதப் பிடிங். நான் சொல்றப்ப இந்த ரெண்டு முனையிலயும் பேட்டரியத் தொடுங்.’ பையன் பூஜைக்குக் கற்பூரம் ஏற்றுகிறவன் மாதிரி பயபக்தியோடு பிடித்துக்கொண்டான். சென்னியப்பன் இடது உள்ளங்கையை இடப்பக்கத் தாளின்மேல் வைத்தான். வலது கையின் இரண்டு விரலை, காந்தத்துக்குக் கீழே இரும்புக் கூட்டின் இடுக்கு வழியாக விட்டு, உள்ளே மற்றதன் தாளைத் தொட்டான். ‘தொடுங்.’ இடது கையைத் தாள் தள்ளியது. வலது விரலை விட்டுத் தாள் விலகியது. ‘மறுக்கா தொடுங்.’ இது தள்ளியது, அது விலகியது. சப்பே கோளாறா? கம்பெனியில் மாற்றி எழுதிவிட்டார்களா? மாட்டுவதற்கு முன்னால் மேஜையில் வைத்து இரண்டையும் பேட்டரியில் பார்த்தானே, இரண்டும் முன்னால்தானே துள்ளின? முன்னால். எதற்கு முன்னால்? அவன் விரலை எடுக்காமலே நின்றான். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனை முன்னால் போ என்றால் அவன் எந்தப் பக்கம் போவான்? அவனுடைய முன்னாலுக்குத்தான் போவான். பெட்டிக்குள் போவான். ஒன்று காற்றை வண்டிக்குள் தள்ளுகிறது, அதே நொடியில் மற்றது அந்தக் காற்றைப் பெட்டிக்குள் உறிஞ்சுகிறது. இரண்டும் உயிரை விட்டு வேலை செய்கின்றன, ஒன்று செய்ததை மற்றது தின்றுவிடுகிறது. சிவப்பு சிவப்பில் இருந்ததுதான் தப்பு. கவிழ்த்து மாட்டினால் வயரையும் மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். இத்தனை நேரம் சரியா சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தானே, சரிதான் தப்பு. ‘அட வெங்காயம்’ என்று வாய்விட்டுச் சொன்னான். மிதுனேஷ் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துப் பேட்டரியைக் கீழே போட்டுவிட்டான்.

வலப்பக்கத்து வயர் இரண்டையும் இடம் மாற்றினான். கறுப்பைச் சிவப்பில், சிவப்பைக் கறுப்பில். சீட்டில் போய் உட்கார்ந்து பாட்டைப் போட்டு, டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த பேஸ் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினான், இன்னும் கூட்டினான், வந்தது. முதுகில் வந்தது, தொடையில் வந்தது, நெஞ்சுக்குழியில் வந்து உட்கார்ந்து அடித்தது, கண்ணாடி உதறியது, நம்பர் பிளேட் கிடுகிடுத்தது. பக்கத்துச் சீட்டில் மிதுனேஷ் வாயைத் திறந்தபடி, ‘ங்ணா… ங்ணா…’ என்றான். சென்னியப்பன் சிரித்தான். இவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் ஈரோட்டில் வேறு யாரும் இருக்க மாட்டான். வயர்தான். வயர்தான், காது இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மாமனாருக்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான். அந்த ஆட்டைக் கூட இன்றைக்குப் போய்த் தடவிக் கொடுக்கலாம் போலிருந்தது. ‘பையன் காந்தம் கேட்டான், நான் மறந்துட்டேன், அவ்வளவுதான்’ என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று துடித்தது. மிதுனேஷ் சீட்டு மாறி உட்கார்ந்தான், முன்சக்கரத்துக்கு அடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை நசுக்கினான், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டோடு கிளம்பினான். வண்டி ரோட்டில் ஏறித் திண்டல் பக்கம் திரும்பியது.

பூபதி கடைவாசலில் வந்து நின்று வண்டி போன திசையைப் பார்த்தான். ‘என்ன அடி அடிக்குது பாருங் மாமா. பேக்கரி கடந்தாச்சு, பெட்ரோல் பங்கு கடந்தாச்சு, இன்னும் இங்க வந்து அறையுது.’ சென்னியப்பனும் பார்த்தான். வெள்ளை வண்டி சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பேக்கரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடிபடுவது கேட்டது. யாரோ ஒரு பெண் பூ விலை கேட்பது கேட்டது. ரோட்டைத் தாண்டிக் காதை நீட்டினான், இன்னும் நீட்டினான். அங்கே ஒன்றுமில்லை. சீட்டில் இருந்தபோது வந்ததே? வந்தது, முதுகுக்கு வந்தது, தொடைக்கு வந்தது. காதுக்கு வந்ததா என்று அவன் பார்க்கவே இல்லை. நம்பர் பிளேட் ஆடின சத்தத்தைத்தான் காது கேட்டிருக்கிறது. வயரா காதா என்று பொழுதெல்லாம் அலைந்தானே, ஒன்று இருந்தால் மற்றது இருக்காது என்று அவனுக்கு யார் சொன்னது? வயரும் தப்பு, காதும் தப்பு. ரோட்டைப் பார்த்தபடியே, ‘மாப்ள, எனக்கு ஒண்ணும் கேக்கல’ என்றான். சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது.

பூபதி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ‘தெரியுங் மாமா’ என்றான். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, உரக்க, முகத்தை இப்போது இவன் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னான். ‘நீங்க கூட்டி வெக்கற பேஸ ஒருத்தரும் தாங்க முடியாதுங். ஆடி மாசத்துலிருந்தே நாந்தான் கொறச்சுக் கொறச்சுக் குடுத்துட்டு இருக்கேன். வண்டியத் தொடச்சுக் கொண்டாரேன்னு எடுத்துட்டுப் போவேனே, அப்ப. இன்னிக்கி அந்தப் பையன் அவசரத்துல கெளம்பிட்டான், அதுதான் ஊரையே அலறடிச்சுக்கிட்டுப் போறான்.’

‘எத்தன வண்டிக்கு?’

‘எல்லா வண்டிக்குமுங்.’

கோபம் வர வேண்டும் என்று சென்னியப்பன் காத்திருந்தான். வந்தது வேறு ஏதோ, வெட்கம் மாதிரியும் இருந்தது, கனமான மூட்டையை இன்னொருவன் ஒரு பக்கம் பிடித்த மாதிரியும் இருந்தது. இவன் மறைத்துக்கொண்டிருந்ததை இவனிடமிருந்தே ஒருத்தன் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அக்காளிடம் சொல்லியிருப்பானா? சொல்லியிருக்க மாட்டான். சொல்லியிருந்தால் வசந்தாமணி விட்டிருக்க மாட்டாள். இனிமேல் அவளிடம் இவன்தான் சொல்ல வேண்டும், டாக்டரிடமும் இவன்தான் போக வேண்டும், அதெல்லாம் சாயங்காலத்துக்கு. இப்போது ஒரு வண்டி ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது, இவன் கை வைத்த வண்டி, தப்பான பேஸோடு.

‘அந்தப் பையனுக்குப் போனப் போட்டுத் திரும்பி வரச் சொல்லு, மாப்ள’ என்றான். ‘பேஸ நீ வெச்சுக் குடு. நான் பக்கத்து சீட்டுல உக்காந்துக்கறேன்.’